பேர் சொல்லாத ஜெபக்குறிப்பு

உலகம் உண்டான நாளிலிருந்து கேக் அக்காவைப் போலக் கோபப்பட ஓர் ஆள் பிறந்ததில்லை. அவர் ஒருமுறை முறைத்தால் மூன்று தெரு தள்ளி அடுப்பில் பொங்கிக்கொண்டிருக்கும் பால் பயந்துபோய்ப் பாத்திரத்துக்குள் இறங்கிவிடும். கடல் இரண்டடி பின்னால் போய் நின்று, "நான் ஒண்ணும் பண்ணலக்கா" என்று சொல்லும். உலகத்து எரிமலைகள் எல்லாம் அவரிடம் டியூஷன் படித்தவைதான். அதிலும் பாதி பாஸாகவில்லை. இதில் ஒரு சொல்கூட மிகையில்லை. அக்காவுக்குப் புகழ்ச்சி பிடிக்காது என்பதால் கொஞ்சம் குறைத்தே எழுதியிருக்கிறது.

ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியாது. ஒல்லி உடம்பு. எந்த வெயிலிலும் முழங்கை தேய்ந்த ஒரு ஸ்வெட்டர். பேக்கரியின் பின்பக்கம், கேக்குக்கு க்ரீம் பூசுகிற சின்ன அறையில் அவருக்கு வேலை. க்ரீம் உருகக் கூடாது என்று அங்கே ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் மாவு பிசைகிறவர்கள் வேர்வையில் குளிப்பார்கள். இந்தப் பக்கம் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பார். சுழல் தட்டில் கேக்கை ஏற்றுவார். தாளைக் கூம்பாகச் சுருட்டி, உள்ளே க்ரீமை அடைத்து, முனையைக் கத்தரிப்பார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளையின் பெயரை ஒரே இழுப்பில் எழுதுவார். அந்த நேரத்தில் யாராவது கதவைப் படாரென்று திறந்தால் தீர்ந்தது. எரிமலை டியூஷன் அங்கேதான் நடந்தது.

பள்ளிக்கூடம் முடித்ததும் நர்ஸ் ஆக வேண்டும் என்றுதான் அவருக்கு ஆசை. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு முதுகு போனது, ஆசையும் கூடவே போனது. பேக்கரியில் பில் போட வந்தவர், ஒருநாள் க்ரீம் மாஸ்டர் கோபித்துக்கொண்டு ஒரு கல்யாணக் கேக்கைப் பாதியில் விட்டுக் கிளம்பிவிட, மிச்சப் பாதியைப் போய் முடித்தார். அன்றோடு பில் மேசைக்குத் திரும்பவில்லை. இப்போதும் அப்பாவும் அவரும் மாடி வீடு ஒன்றில் இருக்கிறார்கள். அப்பா டிவியைத் தெருவுக்கே கேட்க வைப்பார். மகள் அதற்கு மேலே சத்தம் போட்டுப் பேசுவார். அந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருக்கவே முடியாது.

சபையில் வாலிபர் ஐக்கியத்துக்கு அவர் தலைவியானதும் இப்படித்தான். பழைய தலைவர் வெளிநாடு போய்விட்டார். "யாருக்கு வாலிபர் ஊழியத்தில் பாரம் இருக்கிறதோ, அவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று பாஸ்டர் ஐயா கேட்டார். அக்கா கையை உயர்த்தியது ஃபேனைப் போடச் சொல்வதற்காக. எல்லோரும் கை தட்டிவிட்டார்கள். தட்டின கையைத் திருப்பி வாங்க முடியுமா? அக்கா ஏற்றுக்கொண்டார். ஃபேனைக் கடைசி வரை யாரும் போடவில்லை.

அவர் நடத்தின ஊழியத்தில் பிரசங்கம் குறைவு. கேக்கை வட்டமாக வெட்டும்போது ஓரங்கள் மிஞ்சும். அவற்றை டப்பாவில் அடைத்துச் சனிக்கிழமை கூட்டத்துக்குக் கொண்டுவருவார். பாதிப் பிள்ளைகள் அதற்காகத்தான் வந்தார்கள். இதை எழுதுகிறவன் முழுக்க முழுக்க அதற்காகத்தான் வந்தான். தின்று முடித்தும் யாரும் வீட்டுக்குப் போகாததுதான் வேடிக்கை. ஃபெயிலான விஷயம், வீட்டுச் சண்டை, கண்ணாடி பார்த்தால் வருகிற அழுகை, எல்லாம் அங்கே வெளியே வரும். கூட்டத்தில் சொல்ல முடியாததைச் சொல்ல, பேக்கரியின் பின்கதவு இருந்தது. அக்கா க்ரீம் பூசிக்கொண்டே கேட்பார். முகத்தைப் பார்க்க மாட்டார், கேக்கைத்தான் பார்ப்பார். அதனாலேயே பிள்ளைகளுக்கு வாய் திறந்தது. அங்கே பேசியது எதுவும் அந்தக் கதவைத் தாண்டினதில்லை.

தாண்டினதே இல்லை, ஒரே ஒரு தடவை தவிர.

அதைச் சொல்வதற்கு முன்னால் ஜெபச் சங்கிலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாருக்காவது கஷ்டம் என்றால் அதை ஜெபக்குறிப்பு என்பார்கள். ஒருவர் அடுத்தவருக்குப் போன் போட்டுச் சொல்ல, அவர் அதற்கு அடுத்தவருக்குச் சொல்ல, சபை முழுக்க ஒரே நேரத்தில் ஜெபிக்கும். நல்ல ஏற்பாடுதான். அந்தச் சங்கிலியின் முதல் வளையம் ஒரு அத்தை. சபைக்கே அவர் சங்கிலி அத்தை. கழுத்தில் போட்டிருப்பதால் அந்தப் பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வம்பு பேசுவது பாவம் என்று சங்கிலி அத்தைக்குத் தெரியும். அதனால் அவர் வம்பு பேசவே மாட்டார். ஜெபக்குறிப்பு மட்டும் கொடுப்பார். "பேர் சொல்ல மாட்டேன். பச்சை கேட்டு வீட்டு மூத்த தம்பி வேலையை விட்டுட்டாராம், பொண்டாட்டிக்கு இன்னும் தெரியாது, கர்த்தர் வழி நடத்தணும்." இப்படி. அந்தத் தெருவில் பச்சை கேட்டு ஒன்றுதான். அன்றைக்கே பொண்டாட்டிக்குத் தெரிந்துவிடும். கர்த்தர் அப்புறம்தான் வழி நடத்துவார்.

அக்காவின் கல்யாணமும் பல வருஷமாக அந்தச் சங்கிலியில் ஓடுகிறது. "பேர் சொல்ல மாட்டேன், கேக் பண்ற தங்கச்சிக்கு ஒரு நல்ல வரன் அமையணும்." அக்கா கேட்கவில்லை, அக்காவைக் கேட்கவும் இல்லை. அதைக் காதில் வாங்குகிற ஒவ்வொரு தடவையும் அவருக்குக் காது மடல் சிவக்கும். "என் கல்யாணத்துக்காக என்னைத் தவிர எல்லாரும் ஜெபிக்கிறாங்க" என்று பல்லைக் கடிப்பார். அப்படிப்பட்ட அக்காதான் தவறினார். அதுதான் இந்தக் கதை.

இடி என்று ஒரு பெண். சபையில் டிரம்ஸ் வாசிக்கிறவள். அவள் உட்கார்ந்தால் பின்வரிசையில் தூங்குகிற தாத்தாக்கள் எல்லாம் எழுந்து ஸ்தோத்திரம் சொல்வார்கள், அதனால் இடி. அவள் அம்மா வெகுநாளாகப் படுத்த படுக்கை. சபை ஜெபித்தது, உபவாசம் இருந்தது, எண்ணெய் பூசியது. அம்மா எழுந்திருக்கவில்லை. ஒரு சாயங்காலம் இடி பேக்கரியின் பின்கதவு வழியாக வந்து மாவு மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்கு ஜெபம் வரல."

அக்கா ஒரு க்ரீம் ரோஜாவின் மூன்றாவது இதழில் இருந்தார். "ம்."

"கண்ணை மூடினா கோபம்தான் வருது. அவர் மேலதான். மேல கையைக் காட்டிச் சண்டை போடணும்போல இருக்கு."

"போடேன்."

"விளையாடாதீங்கக்கா. எல்லாரும் கண்ணை மூடி நிக்கும்போது நான் மட்டும் பொய்யா நிக்கிறேன். டிரம்ஸ் அடிக்கிறப்ப மட்டும்தான் பொய்யா இல்ல. அதையே ஜெபம்னு வச்சுக்கலாமா?"

அக்கா ரோஜாவை முடித்துவிட்டுச் சொன்னார்: "வச்சுக்க. நல்லா ஓங்கி அடி. அவருக்குக் கேக்கும்."

இடி மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க."

"லூசு" என்றார் அக்கா. அந்த ஊழியத்தில் சத்தியம் செய்து கொடுப்பது அப்படித்தான்.

ஆனால் அது அவர் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொண்டது. அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து, சபைச் சமையலறையில் டீக்கோப்பைகளைக் கழுவும்போது பக்கத்தில் பாஸ்டரம்மா நின்றிருந்தார். நல்ல அம்மா. சொன்னால் உண்மையாகவே முழங்காலில் நிற்கிறவர். அக்காவின் வாய் அதுவாகத் திறந்தது.

"பேர் வேண்டாம்மா. நம்ம பிள்ளைங்கள்ல ஒருத்தி. அம்மா படுத்தே கிடக்கிறாங்க. கடவுள் மேல கோபமா இருக்கா. ஜெபத்துல வச்சுக்கோங்க."

பேர் வேண்டாம். அவ்வளவுதான் அக்கா கண்ட பாதுகாப்பு. பாஸ்டரம்மா ஜெபித்தார். ஜெபித்துவிட்டு, இன்னும் நாலு பேர் ஜெபித்தால் நல்லதே என்று சங்கிலி அத்தையின் காதில் போட்டார். புதன்கிழமை பெண்கள் உபவாசக் கூட்டத்தில் அது இப்படி வெளியே வந்தது: "பேர் சொல்ல மாட்டேன். டிரம்ஸ் வாசிக்கிற ஒரு தங்கச்சி விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப் போய்ட்டாங்க."

டிரம்ஸ் வாசிக்கிற தங்கச்சிகள் சபையில் கூட்டமாகவா இருக்கிறார்கள்? ஒரே ஒருத்தி. வெள்ளிக்கிழமைக்குள் அவள் கடவுளே இல்லை என்று சொல்லிவிட்டாள். சனிக்கிழமைக்குள் அதற்கு ஒரு காதலனும் காரணமாகியிருந்தான். அவனுக்கு பைக்கும் இருந்தது. கோபத்தைச் சொன்னவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்காத சனம், இல்லாத பையனுக்கு வண்டி வாங்கிக் கொடுத்தது.

இத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சங்கிலி அத்தையும் இன்னும் இரண்டு பேரும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு இடியின் வீட்டுக்குப் போனார்கள். எழுந்திருக்க முடியாமல் கிடக்கிற அம்மாவின் கட்டிலைச் சுற்றி நின்று, கையைப் பிடித்துக்கொண்டு, "கலங்காதீங்கம்மா, பொண்ணு திரும்பி வந்துடுவா" என்றார்கள். எங்கிருந்து திரும்பி வர வேண்டும் என்று அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. அவர்கள் பொறுமையாகப் புரிய வைத்தார்கள். ஆப்பிளை மேசையில் வைத்துவிட்டு வந்தார்கள்.

நோயாளியைப் பார்க்கப் போவது அன்பு என்று எத்தனை ஞாயிறு வகுப்பில் சொல்லித்தந்தார்கள். இதையா?

மறுநாள் இடி பேக்கரிக்கு வந்தாள். மூட்டை மேல் உட்காரவில்லை. கதவருகிலேயே நின்றாள்.

"அக்கா, நான் உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

அக்காவின் கையில் கூம்பு இருந்தது. அழுத்திவிட்டார். ஒரு குழந்தையின் பெயர் மேல் க்ரீம் குவிந்தது.

"பாஸ்டரம்மாகிட்ட ஜெபத்துக்காகத்தான்..." என்று தொடங்கினார்.

"அவங்களும் ஜெபத்துக்காகத்தான் சொல்றாங்க" என்றாள் இடி. "எங்க அம்மா ராத்திரி பூரா என்கிட்ட மன்னிப்பு கேட்டாங்கக்கா. அவங்க வியாதியாலதான் நான் கெட்டுப்போய்ட்டேனாம். நான் இனிமே வரல."

போய்விட்டாள். அக்கா அந்தக் கேக்கை வழித்து மறுபடி எழுதினார். மறுபடி வழித்தார். பேக்கரியில் அன்று யாரும் அந்தக் கதவைத் திறக்கவில்லை.

அதற்குள் சபைக் கமிட்டி கூடி முடித்திருந்தது. செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சபையையும் ஒரு பெரிய எட்டாம் வகுப்பு என்று நினைக்கிறவர். டிரம்ஸைக் கழற்றிச் சாமான் அறையில் போட்டுப் பூட்டச் சொன்னார். அக்காவை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்.

"வர்ற வாலிபர் ஞாயிறு அன்னைக்கு அந்தப் பொண்ணு சபை முன்னாடி நின்னு மன்னிப்பு கேக்கணும். அவ உங்ககிட்ட என்ன சொன்னான்னு நீங்க பக்கத்துல நின்னு சொல்லணும்."

"எதுக்குங்க சார்?"

"ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு இல்லம்மா. விசுவாசம் இல்லாதவங்களை மேடையில ஏத்த முடியுமா?"

"அப்போ எல்லாரையும் நிறுத்திக் கேட்டுடலாம் சார். பாடுறவங்க, பைபிள் வாசிக்கிறவங்க, கமிட்டியில இருக்கிறவங்க. யாருக்கு இந்த வாரம் சந்தேகம் வந்துச்சுன்னு. வரிசையா நிப்போம். நான்தான் முதல்ல."

"குரலை உசத்தாதீங்க."

"இது என் தாழ்ந்த குரல் சார். அவ சொன்னதை நான் சொல்ல மாட்டேன்."

"அப்படின்னா தலைவி பொறுப்பை யோசிக்க வேண்டி வரும்."

"யோசிங்க" என்று அக்கா எழுந்தார். படியில் இறங்கும்போதுதான் அவருக்கு உறைத்தது: சொல்ல மாட்டேன் என்று இங்கே வீரமாகச் சொன்னது, ஏற்கெனவே கோப்பை கழுவுகிற இடத்தில் சொல்லியாகிவிட்ட ஒன்றை.

வீட்டில் அப்பா டிவியைக் குறைத்தார். அது நடந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். "என்னம்மா, ஆளையே முழுங்கிடுவபோல இருக்கே. யாரு மேல கோபம்?"

"எல்லார் மேலயும்ப்பா."

"எல்லார்லயும் யாரு மேல ஜாஸ்தி?"

அக்கா எழுந்து போனார். சாப்பிட்ட தட்டைத் தேவைக்கு மேல் நேரம் எடுத்துத் தேய்த்தார்.

சனிக்கிழமை கூட்டத்தில் பிள்ளைகள் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். இடியின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அப்போது இதை எழுதுகிறவன் ஓர் அருமையான யோசனை சொன்னான்.

"அக்கா, நாளைக்கு நீங்களும் ஒரு ஜெபக்குறிப்பு குடுங்க. பேர் சொல்ல வேண்டாம். சுகர் இருந்தும் தெருவுக்கு முதுகைக் காட்டி நின்னு க்ரீம் பன் சாப்பிடுற ஒரு ரிட்டயர்டு ஐயாவுக்காக. அப்புறம், வருஷா வருஷம் பிறந்தநாள் கேக்குல ஒரே வயசை எழுதச் சொல்ற சங்கிலி போட்ட ஒரு அத்தைக்காக."

கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. அக்காவின் உதடும் ஓர் ஓரத்தில் அசைந்தது. பேக்கரிக்காரிக்குத் தெரியாத குட்டு உண்டா? அந்த ஒரு நிமிஷம் அவர் ஆசைப்பட்டார். நிஜமாகவே ஆசைப்பட்டார். பிறகு முகம் மாறியது.

"வேணாம்டா. அதுவும் அதே வாய்தான்" என்றார்.

வாலிபர் ஞாயிறு காலையில் சபைக்கு வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மேடையில் டிரம்ஸ் இருந்தது. யாரோ சாமான் அறையிலிருந்து கொண்டுவந்து, தூசி தட்டி, துடைத்து, பொருத்தி வைத்திருந்தார்கள். செயலாளர் மணியடிக்கிறவரைக் கேட்டார். அவர் சாவி ஆணியில்தான் தொங்குகிறது என்றார். மறுபடி கழற்ற நேரமில்லை, பாட்டு தொடங்கிவிட்டது. அடிக்க ஆளில்லாமல் டிரம்ஸ் சும்மா நின்றது.

ஜெபக்குறிப்பு நேரம் வந்தபோது பின்பக்கக் கதவருகே இடி நிற்பதை அக்கா பார்த்தார். கையில் டிரம்ஸ் குச்சிகள். சபை வாங்கிக் கொடுத்தவை. திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தாள். சங்கிலி அத்தை பாதி எழுந்தார். அதற்குள் அக்கா மைக்கைப் பிடித்துவிட்டார்.

"ஒரு ஜெபக்குறிப்பு. பேர் சொல்லியே சொல்றேன். நான்தான்."

சபை நிமிர்ந்தது.

"ஒரு பிள்ளை என்னை நம்பி ஒண்ணு சொன்னா. நான் அதை வெளியே சொன்னேன். ஜெபத்துக்காகன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஜெபத்துக்காகன்னா நானே முழங்கால் போட்டிருக்கலாமே? எனக்குக் கால் இல்லையா? எனக்குப் பாரமா இருந்துச்சு, இறக்கி வச்சேன். ஆனா அது என் பாரம் இல்ல, அவளோடது. என்னை நம்பிக் குடுத்தது. அதை எடுத்துத் தெருவுல வச்சுட்டேன்."

யாரோ இருமினார்கள்.

"பேர் சொல்லலன்னு நினைச்சேன். பேர் சொல்லாம ஒரு பிள்ளையைச் சந்தியில நிறுத்த நம்மள மாதிரி யாருக்கும் வராது. படுக்கையில கிடக்கிற ஒரு அம்மாவை அவங்க பொண்ணுகிட்டயே மன்னிப்பு கேக்க வச்சிருக்கோம். அதையும் கண்ணை மூடிக்கிட்டு, ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டே செஞ்சிருக்கோம். சபை வாசலை மிதிக்காத எங்க அப்பாகூட இதைச் செய்ய மாட்டார். அந்தப் பிள்ளை கடவுள்கிட்ட கோபப்பட்டா. நேருக்கு நேரா. நாம அவர்கிட்ட பேசுறதா சொல்லிட்டு ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறோம். இதுல யாரு பின்வாங்கினது? எனக்காக ஜெபிங்க. இப்பவே, சத்தமா, பேர் சொல்லி."

சங்கிலியின் முதல் வளையம் கைப்பைக்குள் எதையோ தேடியது. பேர் சொல்லி ஜெபிப்பது அந்தச் சபைக்குப் பழக்கமில்லை. கடைசியில் பாஸ்டரம்மா எழுந்தார்.

"என் பேரையும் சேர்த்துக்கோங்க."

அவ்வளவுதான். வேறு யாரும் சேரவில்லை. பாஸ்டர் ஐயா சுருக்கமாக ஜெபித்து, அடுத்த பாட்டை அறிவித்தார். அக்கா மேடையிலிருந்து இறங்கி நேராகப் பின்கதவுக்குப் போனார்.

"நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன்" என்றாள் இடி. "உங்க மேலயும்."

"இரு. நல்லா இரு. நான் சமாதானம் பேச வரல. இங்கேயே நின்னுக்கிறேன்."

இருவரும் பாட்டின் முதல் அடி முடியும்வரை அப்படியே நின்றார்கள். கீபோர்டு தனியாகத் தடுமாறியது. இடி பல்லைக் கடித்தாள். தாளம் தப்புவதை அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. நடுப்பாதையில் விறுவிறுவென்று நடந்து போய் உட்கார்ந்தாள். ஒரு நொடி குனிந்து பார்த்தாள், எதையோ கண்டு ஆச்சரியப்பட்டவள் போல. பிறகு அடித்தாள். அது ஸ்தோத்திரமா சண்டையா என்று கேட்டவர்களுக்குத் தெரியாது. கேட்க வேண்டியவருக்குக் கேட்டிருக்கும். செயலாளரின் மூக்குக் கண்ணாடி இரண்டு தடவை நழுவியது.

அடுத்த வாரம் கமிட்டி அக்காவுக்குத் தலைவி பொறுப்பிலிருந்து 'ஓய்வு' கொடுத்தது. அவர் ஓய்வு கேட்கவில்லை. சபை மாடியில் இப்போது சனிக்கிழமைக் கூட்டம் நல்ல ஒழுங்காக நடக்கிறது, ஆள்தான் இல்லை. பிள்ளைகள் பேக்கரியின் பின்பக்கம் காலி ட்ரேக்களைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இடி எப்போதாவது வருகிறாள். அக்காவிடம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அக்காவும் வற்புறுத்துவதில்லை. போன வாரம் அவளே, "அம்மாவுக்கு ஒரு துண்டு குடுங்க" என்று கேட்டு வாங்கிப்போனாள். அக்கா ஓரத்தைக் கொடுக்கவில்லை, நடுவில் வெட்டிக் கொடுத்தார்.

இவ்வளவையும் எழுதி முடித்து, அக்காவிடம் படிக்கக் கொடுத்தாயிற்று. அவர் ஸ்வெட்டர் கையை மேலே ஏற்றிவிட்டு, விரலில் க்ரீமோடு, நின்றபடியே படித்தார்.

"முதல்ல அவகிட்ட காட்டினியா?"

"காட்டினேன்க்கா. சரின்னுட்டா. பைக் மேட்டர்ல சிரிச்சா."

அக்கா தலையாட்டிவிட்டு மேலே படித்தார். ஓர் இடத்தில் நின்றார்.

"இதென்னடா, 'யாரோ கொண்டுவந்து வைத்திருந்தார்கள்'?"

"யாரோதான்க்கா. யாருக்குத் தெரியும்."

"அந்த டிரம்ஸ் வாங்கின நாள்லேர்ந்து வலது கைக்காரங்களுக்குத் தோதாத்தான் இருந்துச்சு. அவ இடது கைக்காரி. ஒரு வார்த்தை சொல்லாம, கையைக் குறுக்கே போட்டு வாசிச்சுக்கிட்டிருந்தா. சபையில ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. அன்னைக்குத்தான் பார்த்தேன், எல்லாத்தையும் இடது கைக்குத் தோதா பக்கம் மாத்தி வச்சிருந்தாங்க." அக்கா தாளைத் தாழ்த்தினார். "அந்த 'யாரோ' அவ கையை எத்தனை நாள் உக்காந்து பார்த்திருக்கணும்?"

இதை எழுதுகிறவன் ஒரு பெரிய கேக் ஓரத்தை எடுத்து வாய் நிறையத் திணித்துக்கொண்டான்.

அக்கா ஒரு ட்ரேயைக் கவிழ்த்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"மெதுவா மென்னு முடி" என்றார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."